மீட்டருக்கான உப்பு

விருது கொடுக்க வருகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். குற்றம் கண்டுபிடிக்க வருகிறவர்களையாவது சமாளித்துவிடலாம். அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அன்று காலை ஒன்பது மணிக்கு முள்ளக்காடு நிலையத்தின் வாசலில் ஜீப்பை விட்டு இறங்கிய தன்ஷிகா மேடம், "எபனேசர் சார்தானே? வாழ்த்துகள்" என்று சிரித்தபடி கையை நீட்டினார். கையைக் கொடுக்கும் முன் நான் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டேன். வேர்வை மட்டும் காரணமில்லை.

நான் ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத ஆள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி அலைகிறேன் என்பாள் என் மனைவி பிளாரன்ஸ். பார்ப்பது ஈரவெப்ப ஆணையத்தில் நிலையப் பொறுப்பாளர் உத்தியோகம். தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை, வெளியே ஒரு கம்பம், கம்பத்தில் வெள்ளைக் கூண்டு, கூண்டுக்குள் இரண்டு மீட்டர்கள், கூரை மேல் ஒரு சங்கு. இதுதான் என் ராஜ்ஜியம்.

சட்டம் வந்து அது ஐந்தாவது வருடம். ஈரவெப்பம் முப்பத்தொன்றைத் தொட்டால் சங்கு தானாக ஊதும். ஊதிவிட்டால் வெட்டவெளியில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் போட்டது போட்டபடி குளிர்க்கூடத்துக்குப் போய்விட வேண்டும். கம்பெனி முனகக்கூட முடியாது. ஊதாவிட்டால் அதே மாதிரி தொழிலாளியும் முனக முடியாது; சங்கு ஊதுமுன் வேலையை விட்டால் அது வேலை மறுப்பு. எல்லாம் மீட்டர் வைத்த சட்டம். அந்த மீட்டர் ஒழுங்காக இருக்கிறதென்று மாதாமாதம் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

"மூணு வருஷம் சார்!" என்றார் மேடம், நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே. ஐம்பது வயதிருக்கும். சென்னையில், ஆணையத்தின் குளிரூட்டிய அறையில் இருந்து பழகிய முகம், ஜீப்பில் வந்த இருபது நிமிடத்திலேயே சிவந்திருந்தது. "நானூறு பேர் வேலை செய்யற இடம். மூணு வருஷத்துல ஒருத்தர்கூட மயங்கி விழல. இந்தக் கடற்கரையில வேற எந்த நிலையத்துலயும் இப்படிக் கிடையாது. வேதாரண்யத்துல போன வருஷம் மட்டும் ஒன்பது பேர். மரக்காணத்துல ஆறு."

"நம்ம ஆளுங்க கொஞ்சம் கெட்டி மேடம்" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"கெட்டி இல்ல, நிர்வாகம். ஆணையம் அப்படித்தான் பாக்குது. எல்லை முப்பத்தொண்ணு வச்சும் மத்த இடத்துல விழறாங்கன்னா, அது எல்லையோட தப்பு இல்ல. அவங்க ஒழுங்கா தண்ணி குடுக்கல, நிழல் குடுக்கல. முள்ளக்காடு அத நிரூபிச்சிருக்கு. அதனால..." குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "வர்ற மாசம் எல்லைய முப்பத்திரண்டா உயர்த்தப் போறாங்க. கன்னியாகுமரியிலேர்ந்து பழவேற்காடு வரைக்கும். உங்க மூணு வருஷப் புள்ளிவிவரம்தான் அதுக்கு அடிப்படை."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அரை நிமிடம் நன்றாகவே இருந்தது.

மேடம் பையிலிருந்து சீல் வைத்த ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே மாவு மாதிரி வெள்ளை உப்பு. "ஒரு சம்பிரதாயம். இந்த உப்ப வச்சு மீட்டர ஒரு தடவ சோதிச்சு, கையெழுத்து போட்டுக் குடுங்க. சாயங்காலம் நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன். ஒரு பாட்டில் ஒரு சோதனைக்குத்தான். சீல் உடைச்சா அப்புறம் செல்லாது, பாத்துக்குங்க."

"இந்த பாட்டில் கேட்டு பதினோரு லெட்டர் போட்டேன் மேடம். மூணு வருஷமாச்சு."

"அப்படியா? அப்போ இத்தனை நாள் எந்த உப்புல சோதிச்சீங்க?"

"உப்பு ஊர்ல உப்புக்கு என்ன மேடம் பஞ்சம்?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். மேடம் கம்பெனி அலுவலகத்தைப் பார்க்கக் கிளம்பினார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

உப்பு எதற்கு என்று கேட்பீர்கள். ஈரமான உப்பை ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி வைத்தால், உள்ளே இருக்கும் காற்று எழுபத்தைந்து சதவீத ஈரப்பதத்தில் வந்து நின்றுவிடும். அதிகமானால் உப்பு உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் விட்டுக்கொடுக்கும். சென்னையிலும் எழுபத்தைந்துதான், சிங்கப்பூரிலும் எழுபத்தைந்துதான். மீட்டரை அந்த டப்பாவுக்குள் நாலு மணி நேரம் வைத்திருந்து, அது எழுபத்தைந்து காட்டினால் சரி. காட்டாவிட்டால் பக்கவாட்டில் இருக்கும் திருகைத் திருப்பிக் காட்ட வைக்க வேண்டும். ஆணையத்துப் பாட்டில் தீர்ந்துபோனபோது, உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவன் உப்பைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்று எனக்கு ஒரு திமிர் வந்தது. பாத்தியிலிருந்தே வாங்கிக்கொண்டேன். படிவத்தில் 'உப்பின் வகை' என்ற கட்டத்தில் மாதாமாதம் 'தூயது' என்று எழுதினேன்.

ஒன்பதரைக்கு மாற்று மீட்டரைக் கழற்றி, பாட்டில் உப்பை நனைத்து, டப்பாவில் வைத்து மூடினேன். முதல் மீட்டர் கம்பத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து ஐம்பதுக்குத் திரையில் 31.0 வந்தது, சங்கு ஊதியது. சன்னல் வழியாகப் பார்த்தேன். தட்டுமேட்டில் உப்பைக் கொட்டிக் குவித்துக்கொண்டிருந்த பெண்கள் பெட்டிகளைக் கவிழ்த்துவிட்டு வரிசையாகக் குளிர்க்கூடத்துக்கு நடந்தார்கள். முன்னால் கங்காணி சண்முகவடிவு. எல்லாருக்கும் வடிவக்கா.

ஒன்றரைக்கு டப்பாவைப் பார்த்தேன். எண்பத்திரண்டு.

மூடி சரியாக இல்லை போலிருக்கிறது என்று ரப்பரை அழுத்தினேன். அறையைச் சுற்றி நடந்தேன். தண்ணீர் குடித்தேன். தொலைபேசியை எடுத்து யாரையும் கூப்பிடாமல் வைத்தேன். அரைமணி கழித்துப் பார்த்தால் அதே எண்பத்திரண்டு. மாற்று மீட்டர் கெட்டுப் போயிருக்கலாம் என்றால், அது கம்பத்து மீட்டரோடு அரைப் புள்ளிகூட வித்தியாசமில்லாமல் மூன்று வருடமாக ஒத்துப் போகிறது. இரண்டையும் ஒரே உப்பில், ஒரே நாளில் சோதித்தவன் நானே.

கடைசியில் இந்த ஊர்க்காரன் செய்கிற காரியத்தைச் செய்தேன். பாட்டிலில் ஒட்டியிருந்த உப்பை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். வெறும் உப்பு. பிறகு அலமாரியில் இருந்த என் தகர டப்பாவைத் திறந்தேன். போன வாரம் வடிவக்கா கொடுத்த உப்பு, எப்போதும் போலக் கசகசவென்று நனைந்திருந்தது. நாக்கில் வைத்தேன். முதலில் உப்பு. அப்புறம் தொண்டைக்குப் பின்னால் போய் ஒரு கசப்பு பிடித்தது.

உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சுகிற தண்ணீர் கசக்கும். அதை வடித்து, உப்பைக் கழுவி அள்ளினால்தான் நல்ல உப்பு. கழுவாத உப்பில் அந்தக் கசப்பு ஒட்டியிருக்கும். அதன் குணமே வேறு. அது காற்றிலிருந்து ஈரத்தைப் பேராசையாக இழுக்கும். அதைப் போட்டு மூடிய டப்பாவில் எழுபத்தைந்து நிற்காது, அறுபத்தெட்டுதான் நிற்கும். அறுபத்தெட்டை எழுபத்தைந்து என்று மூன்று வருடமாக நான் மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

காகிதத்தை எடுத்தேன். ஏழு சதவீதம் கூடுதல் ஈரப்பதம் என்றால் ஈரவெப்பத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி. திரையில் முப்பத்தொன்று என்று வந்து சங்கு ஊதிய ஒவ்வொரு நாளும் காற்றின் நிஜ அளவு இருபத்தொன்பதரைக்குக் கொஞ்சம் மேலே. என் ஆட்கள் கெட்டியும் இல்லை, நிர்வாகம் பிரமாதமும் இல்லை. அவர்கள் முப்பத்தொன்றை அனுபவிக்கவே இல்லை. அந்த எண்ணை வைத்து ஒரு கடற்கரை முழுக்க முப்பத்திரண்டில் ஆளை நிறுத்தப் போகிறார்கள். வேதாரண்யத்து மீட்டர் ஒழுங்கான மீட்டர். அங்கே முப்பத்திரண்டு என்றால் முப்பத்திரண்டேதான்.

மணி இரண்டேகால். எனக்குச் செருப்பு மாட்டக்கூடப் பொறுமையில்லை. கொதிக்கிற வரப்பில் வெறுங்காலோடு குளிர்க்கூடத்துக்கு ஓடினேன்.

உள்ளே பெண்கள் சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். வடிவக்கா மட்டும் கதவோரம் உட்கார்ந்து பாதத்து வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன சார், காலு வெந்திரும்லா? செருப்பு எங்க?" என்றார்.

"வெளிய வாங்க. பேசணும்."

கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றோம். நான் தகர டப்பாவை நீட்டினேன். "இது எந்தப் பாத்தி உப்புக்கா?"

வடிவக்கா டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "கடைசிப் பாத்தி. கழுவாதது" என்றார்.

"எப்பவுமே இதத்தான் குடுப்பியளா?"

"மூணு வருஷமா."

"தெரிஞ்சா?"

"தெரியாமலா ஒவ்வொரு மாசமும் அவ்வளவு தூரம் நடந்து போயி அள்ளிட்டு வாறேன்? அம்பாரம் பக்கத்துலயே கெடக்கு, நல்ல உப்பு."

எனக்குக் கோபம் வந்தது. அவமானம் வரும்போது எனக்குக் கோபமாகத்தான் வரும். "இது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? மீட்டர்ல கை வைக்கிறதுக்கு ரெண்டு வருஷம் ஜெயிலு!"

"மீட்டர்ல நான் எங்க கை வச்சேன்? நீங்க உப்பு கேட்டிய, குடுத்தேன்." எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தார். "முப்புடாதி விழுந்த அன்னைக்கி ஆசுபத்திரியில வச்சு நீங்க என்ன சொன்னிய, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. முப்புடாதி வடிவக்காவின் தங்கை. முப்பத்து நாலு வயது. சட்டம் வந்த இரண்டாவது வருடம் சித்திரையில், தலையில் உப்புப் பெட்டியோடு தட்டுமேட்டில் ஏறும்போது விழுந்தாள். வேர்க்கவே இல்லை, உடம்பு தணலாய்க் கொதித்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். அப்போது ஆணையத்துப் பாட்டில் உப்பில் சோதித்த மீட்டர். திரையில் 30.2 இருந்தது. சங்கு ஊதவில்லை.

"மீட்டர் சரியாத்தான் இருந்துச்சுக்கா, ஊத வேண்டிய நேரம் வரலன்னு சொன்னிய" என்றார் வடிவக்கா. "வீட்டுக்கு வந்து நான் அதையே யோசிச்சேன். மீட்டரு சரி. அப்ப என் தங்கச்சியா தப்பு?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொட்டியில் கசிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த மாசம் நீங்க உப்பு கேட்டிய. எதையோ ஒண்ண அள்ளிக் குடுத்தேன். மறுநாளு சங்கு அரை மணி முன்னாடியே ஊதுச்சு. வெயிலு அதே வெயிலுதான், காத்து அதே காத்துதான். என்னடா மாறிருக்குன்னு பாத்தா, உப்பு மட்டுந்தான் மாறிருக்கு. மறு மாசம் கழுவின உப்பு குடுத்தேன். சங்கு லேட்டு. திரும்பக் கழுவாதது குடுத்தேன். சீக்கிரம் ஊதுச்சு. நாலு மாசம் இப்பிடி மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்தேன். ஒவ்வொரு பாத்தி உப்புக்கும் ஒவ்வொரு நேரம். கடைசிப் பாத்தி குடுத்தா, ஆளுக்குத் தல சுத்த ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஊதுது. அதையே வச்சுக்கிட்டேன்."

நான் படித்த படிப்புக்கு இந்தச் சோதனையை ஒரு நாளாவது செய்து பார்த்திருக்க வேண்டும். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்தப் பெண்ணின் முன்னால் நான் ஒரு திருகாணி திருகுகிறவன், அவ்வளவுதான் என்று தோன்றியது.

"அது என்ன சார் ஈரவெப்பம்?" என்றார். "வெயிலு முப்பத்தெட்டுங்கான் ரேடியோல. மீட்டரு முப்பதுங்கு. எதத்தான் அளக்கிய?"

"ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர்னு வச்சுக்கோங்க. துணியில உள்ள தண்ணி காத்துல போகப் போக அது குளுந்துகிட்டே வரும். காத்துல ஏற்கெனவே ஈரம் நெறைய இருந்தா தண்ணி போகாது. குளுராது."

"அப்ப அதுவும் நம்மள மாதிரி வேர்த்துத்தான் பொழைக்கி."

"ஆமா. இப்ப வர்ற மீட்டர்ல துணி கெடையாது. ஈரப்பதத்தையும் சூட்டையும் எடுத்து அதுவே போட்டுப் பாத்துச் சொல்லுது. முப்பத்தொண்ணுங்கிற எல்லைய எங்கயோ ஒரு ஆய்வுக்கூடத்துல வாலிபப் பசங்கள சைக்கிள் மிதிக்க வச்சுக் கண்டுபிடிச்சாவ."

"உப்புப் பெட்டி தலையில இல்லாமலா?"

"இல்லாமத்தான்."

வடிவக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு என் மேல் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அதற்கு மேல் மறைக்க முடியாமல் மற்றதையும் சொன்னேன்: விருது, முப்பத்திரண்டு, வேதாரண்யத்து ஒன்பது பேர். சொல்லச் சொல்ல அவர் முகம் வற்றிக்கொண்டே வந்தது. அதுவரை நின்றவர் தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்மள வச்சா அவளுவள நிறுத்தப் போறானுவ?"

"ஆமாக்கா. நான் கையெழுத்து போட்டா அப்படித்தான். போடாம உண்மையச் சொன்னா இந்த மீட்டர இன்னைக்கே சரி பண்ணிருவாவ. நாளையிலேர்ந்து இங்க சங்கு நெஜ முப்பத்தொண்ணுலதான் ஊதும். முப்புடாதி விழுந்தது முப்பதே கால்ல. எல்லையக் குறைக்கணும்னா அதுக்குச் சட்டம் திருத்தணும், ரெண்டு வருஷமாவது ஆகும்."

"ரெண்டு கோடை" என்றார் வடிவக்கா. உள்ளே ஒரு பெண் இருமினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, படுத்திருந்தவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது. "வேதாரண்யத்துல விழுந்தவளுக்கும் ஒரு அக்கா இருப்பால்லா" என்றார் கடைசியில். "போயி சொல்லுங்க. என் பேரையும் சேத்தே சொல்லுங்க. நான் உப்புக்கு ஒளிஞ்சதில்ல, ஜெயிலுக்கா ஒளியப் போறேன்?"

நாலு மணிக்கு மேடம் வந்தபோது, படிவம் மேசையில் வெறுமையாக இருந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன். எண்பத்திரண்டைச் சொன்னேன், கசப்பு உப்பைச் சொன்னேன், படிவத்தில் எழுதிய முப்பத்தாறு 'தூயது'களையும் சொன்னேன். உப்பை நானே கடைசிப் பாத்தியில் அள்ளினேன் என்று மட்டும் பொய் சொன்னேன்.

மேடத்தின் விசிறி நின்றுவிட்டது. பிறகு, "நீங்களே அள்ளினீங்க" என்றார். அவர் பார்வை நகம் கடித்த என் மெத்தென்ற கையில் இருந்தது. அப்புறம் வாசலுக்குப் போனது. அங்கே வடிவக்கா வந்து நின்றிருந்தார். முழங்கை வரை உப்பு வெட்டிய தழும்பு. வாயைத் திறக்கப் போனவரை மேடம் கையமர்த்தி, "நான் பொறுப்பாளர்கிட்ட பேசிட்டிருக்கேன்" என்றார்.

"நானேதான் மேடம்" என்றேன்.

"உங்க மேல நடவடிக்கை வரும். மாற்றல் நிச்சயம். வேலையே போனாலும் போகும்."

"சரி மேடம்."

அவர் என் காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி எண் ஒன்று அழிந்தது. "சங்கு ஊதினதெல்லாம் நெஜத்துல இருபத்தொம்பதரை சொச்சம். நானூறு பேர், மூணு வருஷம், ஒருத்தரும் விழல" என்று தனக்குத்தானே சொன்னார். "அதுக்கு முன்னாடி சரியான மீட்டர்ல, முப்பதே கால்ல, ஒரு சாவு." நிமிர்ந்தார். "சார், எல்லை எங்க இருக்கணும்னு ஆணையம் பத்து வருஷமா ஆய்வு நடத்துது. யாரும் இப்படி ஒரு சோதனை பண்ணத் துணிய மாட்டாங்க. நீங்க தெரியாம பண்ணிட்டீங்க."

தெரிந்து செய்தவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் அதைப் பேசவில்லை.

"முப்பத்திரண்ட நான் நிறுத்தறேன்" என்றார் மேடம். "குறைக்கறது என் கையில இல்ல, ஆனா அறிக்கையில எழுதறேன். உங்க பழைய அளவு எல்லாத்துலயும் ஏழு கழிச்சுப் போட்டுக்கறேன். இப்போ விதிப்படி இந்த மீட்டர சரி பண்ணிட்டுத்தான் நான் கிளம்பணும். உப்பு?"

"அதான் காலைல..." என்று பாட்டிலைக் காட்டினேன். சீல் உடைந்து, ஈர உப்பு அடியில் ஒட்டிக் கிடந்தது.

"சீல் உடைச்சது செல்லாது. ஒண்ணுதான் கொண்டு வந்தேன்." மேடம் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை. "புது பாட்டில் வர்ற வரைக்கும் இருக்கற நிலையே தொடரணும்ங்கறது விதி. நீங்க ஸ்டோருக்கு ஒரு லெட்டர் போடுங்க."

"பன்னிரண்டாவது லெட்டர் மேடம்."

"ஆமா. ஒழுங்கா போடுங்க" என்றார். எழுந்தவர் தடுமாறி மேசையைப் பிடித்துக்கொண்டார். வடிவக்கா ஓடி வந்து தோளைத் தாங்கி, "வாங்க தாயி, கூடத்துல செத்த நேரம் படுத்துட்டுப் போங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். திரையில் அப்போது 30.8. நிஜத்தில் இருபத்தொன்பதரைகூட இல்லை.

லெட்டரை அன்றே எழுதினேன். மெதுவாகப் போகிற சாதாரணத் தபாலில்தான் போட்டேன்.

மாற்றல் ஆடியில் வந்தது. வேதாரண்யம். சம்பளத்தில் கை வைத்தார்கள், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிளாரன்ஸ் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டே ஒரு வாரம் என்னைத் திட்டினாள். வடிவக்கா வழியனுப்ப வந்தபோது இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். முப்பத்திரண்டு வரவில்லை. எல்லையைக் குறைக்கிற கோப்பு எந்த மேசையில் இருக்கிறதென்று மேடத்துக்கே தெரியவில்லை.

வேதாரண்யத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதுதான் என்னை அலைக்கழித்தது. அலமாரியில் சீல் வைத்த பாட்டில்கள் அரை டஜன். மீட்டர் அச்சுப் பிசகாமல் சரியான மீட்டர். சேர்ந்த மூன்றாவது நாள் திரையில் 30.6 காட்டியது. நான் கூரையில் ஏறி நின்று சங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஊதவில்லை. பாத்தியில் ஒரு பெண் வாருபலகையை ஊன்றிக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்தாள். நிமிர்ந்து வாயைத் துடைத்துவிட்டு மறுபடி உப்பை இழுத்தாள்.

மாதச் சோதனை நாளன்று காலையில், இங்கத்திய கங்காணி அமிர்தவல்லி ஒரு எவர்சில்வர் தூக்கோடு வந்து நின்றார். "சார், தூத்துக்குடிலேருந்து வடிவக்கான்னு ஒருத்தவங்க போன் பண்ணுனாங்க. எங்க மீட்டர் சார் உங்க ஊருக்கு வந்துருக்காரு, உப்பு குடுங்கன்னாங்க." தூக்கை மேசையில் வைத்தார். "கடைசிப் பாத்தி. கழுவல."

மூடியைத் திறந்து ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்தேன். தொண்டை கசந்தது.

பாட்டில் ஒரு பக்கம், தூக்கு ஒரு பக்கம். நான் எழுந்தேன், சன்னல் வரை போனேன், திரும்பினேன். அமிர்தவல்லி பொறுமையாக நின்றார். பிறகு உட்கார்ந்து, தூக்கு உப்பை டப்பாவில் கொட்டி மீட்டரை உள்ளே வைத்து மூடினேன். படிவத்தை எடுத்தேன். 'உப்பின் வகை' என்ற கட்டம் ரொம்பச் சின்னது. ஓரத்தில் வழியவிட்டு எழுதினேன்: 'கடைசிப் பாத்தி உப்பு, கழுவாதது. தெரிந்தே பயன்படுத்தப்பட்டது. ஈரப்பத அளவில் ஏழு கழித்துக்கொள்ளவும்.' கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதை ஆணையத்தில் யாராவது படித்தால் ஒரு வாரத்தில் ஜீப் வரும். முப்பத்தாறு படிவத்தைப் படிக்காதவர்கள் முப்பத்தேழாவதைப் படிப்பார்களா என்று எனக்குத் தெரியாது. படிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

அமிர்தவல்லி தூக்கை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். "நாளைக்கு எத்தனை மணிக்கு சார் ஊதும்?"

"சீக்கிரம்மா" என்றேன். "சீக்கிரமே ஊதிரும்."